மாருதி 800 எஞ்சினில் பிஸ்டன் அம்புக்குறியைத் திருப்பிப் பார்த்தது

மாருதி 800-லும் ஆம்னியிலும் ஓடிய எஃப்8பி எஞ்சின். மூன்று சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மிமீ, 796 சிசி. சிலிண்டர் தேய்ந்திருந்ததால் 0.50 மிமீ பெரிய, ஓவர்சைஸ் பிஸ்டன். போர் 69 மிமீ ஆனதும் கொள்ளளவு சுமார் 808 சிசி. அந்த 12 சிசியால் இழுவை கூடியதாக யாரும் உணர முடியாது. பார்க்க நினைத்தது வேறு. பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எஞ்சினின் முன்பக்கம், அதாவது புல்லி பக்கம் பார்க்க வேண்டும். அதை மாற்றி, பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் உராய்வு குறையும், பவர் ஏறும் என்று பட்டறைகளில் சொல்வார்களே, அது எவ்வளவு உண்மை?

முதலில் ஆஃப்செட். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின் நட்டநடுவில் இருக்காது. கார் எஞ்சின்களில் பெரும்பாலும் 0.5 முதல் 1.5 மிமீ வரை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அந்தப் பின் துளையின் விளிம்பிலிருந்து இரு பக்க ஸ்கர்ட்டுக்கும் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பிஸ்டன் பக்கச்சுவர்) வெர்னியரால் அளந்தால் வரும் வித்தியாசத்தில் பாதிதான் ஆஃப்செட்.

இந்த ஒதுக்கம் எதற்கு? புல்லி பக்கம் நின்று பார்த்தால் கிராங்க் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. கம்ப்ரஷனில் பிஸ்டன் வலது சுவரில் சாய்ந்து ஏறும். உச்சியைத் தாண்டியதும் கனெக்டிங் ராடு வலப்பக்கம் சரிய, எரிவாயு அழுத்தம் பிஸ்டனை இடது சுவரில் அழுத்தும். ஒவ்வொரு எரிப்பிலும் பிஸ்டன் ஒரு சுவரை விட்டு மறு சுவருக்குப் போகிறது. பிஸ்டன் பின் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால், இந்த மாற்றம் அழுத்தம் உச்சத்துக்கு வருமுன்பே நடந்துவிடும். ஸ்கர்ட்டின் அடி முதலில் தொட்டு, பிறகு மெல்லச் சாயும். திருப்பிப் போட்டால் மாற்றம் தாமதமாகி, முழு அழுத்தத்தில் சுவரில் அறையும். டக் டக் என்று கேட்பது அதுதான்.

அடுத்து போரிங், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது. பிஸ்டன்களை முதலில் வாங்கி அளந்து, எண் குறித்து, அவற்றோடுதான் பிளாக்கை லேத்துக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் 0.50 என்று போட்டிருப்பதை நம்பி போர் செய்யச் சொல்லாதீர்கள். பிஸ்டன் வட்டமாக இருக்காது, முட்டை வடிவம். மேலிருந்து கீழே அகலமும் ஆகும். பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட் அடியிலிருந்து சுமார் 15 மிமீ மேலே மைக்ரோமீட்டர் வைத்தால்தான் சரியான அளவு. பிஸ்டன் பின் செல்லும் வாக்கில் அளந்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி போர் செய்தால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே கேப் போதாமல் பிஸ்டன் பிடித்துவிடும். இங்கே வைத்த கேப் 0.04 மிமீ. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் சூட்டில் அதிகம் விரிவதால் அதற்கு இந்தக் கேப் பற்றாது.

ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துக் குறுக்குக் கோடு போடுவது) முடிந்ததும் பெட்ரோலால் துடைப்பது போதாது. துகள் குறுக்குக் கோடுகளுக்குள் தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும்தான். வெள்ளைத் துணி சாம்பல் நிறம் ஏறாமல் வரும்வரை கழுவி, உடனே எண்ணெய் தடவ வேண்டும். கால் மணி நேரம் விட்டால் துரு படிந்துவிடும்.

பிஸ்டன் எடையில் நேரம் செலவழித்தது வீண்போகவில்லை. 36 மிமீ கிராங்க் ஆரம், 5000 ஆர்பிஎம். கணக்குப் போட்டால் ஒரு கிராம் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவு இழுப்பாக மாறுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே முன்னும் பின்னும் ஆடும். பிஸ்டன் எடை ஒத்துப்போகாவிட்டால் அதன்மேல் இன்னொரு அதிர்வு. பிஸ்டன் பின், ரிங் சேர்த்து 4 கிராம் வித்தியாசம் இருந்தது. கனமான பிஸ்டனில் பின் தாங்கும் மேட்டின் உள்பக்கம் மட்டும் அராவி, 1 கிராமுக்குள் கொண்டுவந்தோம். கிரவுனின் (பிஸ்டன் தலை) அடியில் கை வைக்கக் கூடாது.

ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, கவிழ்த்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான வாய் இடைவெளி பார்த்தோம்: 0.27 மிமீ. இரண்டாவது ரிங்கின் எழுத்துப் பக்கம் மேலே. அதைத் தலைகீழாகப் போட்டால் எண்ணெயைச் சுரண்டி மேலே ஏற்றும். நீலப் புகை நிச்சயம். ரிங்குகளின் வாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகவோ, சுவரில் அழுந்தும் பக்கத்திலோ வரக் கூடாது.

இனி சோதனை. 2-ஆம் பிஸ்டனை மட்டும் திருப்பினோம். 1, 3 ஒப்பிட நிற்கும். ராடோடு சேர்த்துத் திருப்பினால் பேரிங் நாட்சும் (பேரிங்கைப் பூட்டும் வெட்டு) எண்ணெய்த் துளையும் பக்கம் மாறிவிடும். ஆகவே ராடு அப்படியே இருக்க, பின்னைக் கழற்றி பிஸ்டனை மட்டும். திருப்பிப் போட்டதும், எஞ்சினை ஓடவிடும் முன், வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்கக் கிரவுனில் களிமண் வைத்து, வால்வில் எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு முறுக்கி, கையால் இரண்டு சுற்று. களிமண் அழுந்திய இடத்தின் தடிமன் இன்டேக்கில் 2 மிமீ, எக்ஸாஸ்டில் 2.5 மிமீக்குக் குறையக் கூடாது. வால்வுக்குக் குழி வெட்டிய பிஸ்டன் என்றால் திருப்பியபின் இதைப் பார்க்காமல் ஓடவிடவே கூடாது.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டதும் சத்தம் தெளிவாக வந்தது. 2-ஆம் பிளக் ஒயரைக் கழற்றினால் அடங்கியது. மற்ற இரண்டைக் கழற்றினால் மாறவில்லை. சூடேறியதும் பாதியாகக் குறைந்தது, மேட்டில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் திரும்ப வந்தது. மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (சதுர செ.மீக்கு) 1 கிலோ வித்தியாசத்துக்குள். இழுவையில் கண்டுபிடிக்கும்படி ஒன்றும் இல்லை. உராய்வு கொஞ்சம் குறையலாம்; பந்தய எஞ்சினில் அது எண்ணத்தக்கது. இந்தச் சின்ன எஞ்சினில் அளவுக்குள் வராது.

400 கிமீ கழித்துத் திறந்தபோது 2-ஆம் பிஸ்டனின் அழுந்தும் பக்கத்து ஸ்கர்ட்டில், ரிங்குக்குக் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு. ஹோனிங் கோடு அந்த உயரத்தில் மங்கியிருந்தது. 1, 3-இல் தடம் ஸ்கர்ட் நடுவில் அகலமாக, சீராக இருந்தது.

மூன்று அம்பும் இப்போது புல்லி பக்கம் பார்க்கின்றன. 'முன்பக்கம்' என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்: ஆம்னியில் எஞ்சின் நீளவாக்கில் இருப்பதால் புல்லியும் வண்டியின் முன்பக்கமும் ஒன்று, 800-இல் எஞ்சின் குறுக்கே கிடப்பதால் புல்லி இருப்பது வண்டியின் பக்கவாட்டில். பம்பரைப் பார்த்து அம்பை வைக்காதீர்கள்.