கீபோர்டு மேல் தப்பில்லை

நேற்று ராத்திரி கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். எந்த அம்புக்குறியை அழுத்தினாலும் திரையில் அசைவே இல்லை. ஒயரைக் கழற்றி வேறு துளையில் செருகினேன். ம்ஹூம். மேசைக்கு அடியில் புகுந்து இன்னொரு முறை செருகிவிட்டு எழுந்ததில் தலையில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

விளையாடிக்கொண்டிருந்தது 'பாபா இஸ் யூ'. பின்லாந்துக்காரர் அர்வி தெய்க்காரி 2017இல் ஒரு கேம் ஜாமில் (குறுகிய நேரத்துக்குள் விளையாட்டு உருவாக்கும் போட்டி) முதல் வடிவத்தைச் செய்து, 2019இல் முழுசாக வெளியிட்டது. பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆடா முயலா என்று சொல்ல முடியாத ஒரு வெள்ளைப் பிராணி, அதுதான் பாபா. அப்புறம் கொஞ்சம் சுவர், கல், ஒரு கொடி. கொடியைத் தொட்டால் ஜெயம். விஷமம் என்னவென்றால், விளையாட்டின் விதிகளே சொற்கட்டைகளாக அதே களத்தில் கிடக்கின்றன. 'வால் இஸ் ஸ்டாப்' என்று மூன்று கட்டைகள் வரிசையாக நிற்கும்வரைதான் சுவர் வழிமறிக்கும். (எதன் வால் என்று கேட்டான் தம்பி. வேண்டுமென்றேதான்.) ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் போதும், சுவருக்குள் புகுந்து நடக்கலாம். 'பாபா இஸ் யூ' என்ற வரிசை நிற்கும்வரைதான் பாபா நம் சொல்படி நகரும்; அதில் 'பாபா' இருந்த இடத்தில் 'வால்' கட்டையை வைத்தால் நாம்தான் சுவர். ஒரு தட்டுக்கு மொத்தச் சுவரும் நகர்கிறது. முதல் தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

200க்கும் மேற்பட்ட லெவல்கள். எதிலும் ஏமாற்று இல்லை, விதியெல்லாம் கண்முன்னே கிடக்கிறது. அதுதான் கடுப்பே.

தம்பி எட்டிப் பார்த்தான். "பாட்டு ஏண்ணா நின்னுபோச்சு?"

அப்போதுதான் கவனித்தேன். 'பாபா இஸ்' மட்டும் வரிசையில் நிற்கிறது. 'யூ' ஒரு கட்டம் தள்ளி அநாதையாகக் கிடக்கிறது. வழி தேடும் மும்முரத்தில் நானே இடித்துத் தள்ளியிருக்கிறேன். பாபா இப்போது நான் இல்லை. நான் எதுவுமே இல்லை. ஆளே இல்லாதபோது கீபோர்டு என்ன செய்யும், பாவம்! பின்வாங்கு, இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்கு என்று விளையாட்டும் திரையில் காட்டத்தான் செய்தது. நான்தான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

சரி, ஒரு அடி பின்வாங்கலாம் என்று இசட் பொத்தானைத் தேடினால், அந்த இடம் காலி. தட்டிய தட்டில் கழன்று எங்கோ அலமாரிக்கு அடியில் போய்விட்டது. இப்போதைக்கு ஆர் மட்டும்தான். சின்னப் பிசகு என்றாலும் லெவலை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.