பழைய ஸ்பீக்கருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

என் தாய்மாமா 1988-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, பிரிட்டனின் கெஃப் நிறுவனம் தயாரித்த ரெஃபரன்ஸ் 104/2 ஸ்பீக்கர்கள், அவர் மறைவுக்குப் பின் மதுரை எஸ்.எஸ். காலனியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. சென்ற சித்திரையில் மதுரை சோமுவின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மிருதங்கத்தின் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் கனத்த ஒலி அடியோடு மறைந்து, அதனிடத்தில் பிளாஸ்டிக் பையைக் கசக்குவது போன்ற ஓசை வந்தது.

விசாரித்தபோது இரண்டு யோசனைகள் கிடைத்தன. ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது எனப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் என்ற மின்சுற்றில் உள்ள கெபாசிட்டர், சுருள், ஒயர் அனைத்தையும் உயர்தரமானவையாக மாற்றிவிடலாம் என்று ஒரு நிறுவனம் 65,000 ரூபாய் கேட்டது. இவற்றை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். ஆனால் இதே தரத்தில் புதியவை வாங்கப் பல லட்சம் ஆகும். முடிவெடுக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன், அந்தக் காலதாமதத்தால் நன்மையே விளைந்தது.

பழுதைச் சரிசெய்வது வேறு, மேம்படுத்துவது வேறு என்பதை நான் முதலில் பிரித்துப் பார்க்கவில்லை. 1984-இல் வெளிவந்த இந்த வடிவமைப்பில் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான இரண்டு 8 அங்குல ஸ்பீக்கர்களும் பெட்டிக்குள்ளேயே மறைந்திருக்கின்றன. ஓர் உலோகத் தண்டு அவை இரண்டையும் இணைக்கிறது. அவற்றின் ஒலி ஒரு துளை வழியாகவே வெளியே வருகிறது. ஆகவே அதிர்ந்து ஒலி எழுப்பும் கோனைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஃபோம் வளையம் உதிர்ந்துபோனாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பாலியூரித்தேன் ஃபோம் வெப்பத்திலும் காற்றின் ஈரத்திலும் ஆண்டுகள் செல்லச்செல்லச் சிதைந்துவிடும் பொருள். நாற்பது பாகை தொடும் மதுரைக் கோடையை முப்பது முறைக்கு மேல் தாங்கிய வளையங்கள், பெட்டியைத் திறந்ததும் விரல் பட்ட இடத்தில் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டன. அந்த நிலையில் கிராஸ்ஓவருக்கு 65,000 செலவிட்டிருந்தால் தொப்பி ஒலி திரும்பியே இருக்காது.

திருவிழா சவுண்ட் சர்வீஸ் ஸ்பீக்கர்களுக்குக் கோன் மாற்றித் தரும் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். "ஃபோம் எதுக்கு சார், ரப்பர் போட்டுருவோம், காலத்துக்கும் இருக்கும்" என்றார் அவர். ரப்பர் நீடித்து உழைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது ஃபோமைவிடக் கனமானது, விறைப்பும் வேறு. அதனால் கோனின் இயல்பான அதிர்வெண் மாறிவிடும், அந்த அதிர்வெண்ணுக்கெனக் கணக்கிட்டு அமைத்த உள்ளறைக்கு அது பொருந்தாது. எனவே பழைய அளவிலேயே ஃபோம் வளையங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கோன் நடுவில் சரியாக நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்து அவர் ஒட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன். வளையம், தபால், சுங்கம், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆயிற்று.

கிராஸ்ஓவரில் கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தோம். குறித்த மதிப்பிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தவை இரண்டு மட்டுமே. அவற்றை அதே வகையான இருமுனை எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களால் மாற்றினோம். விலை உயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டர் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் உள்தடை எலக்ட்ரோலிட்டிக்கைவிடக் குறைவு. வடிவமைத்தவர்கள் எலக்ட்ரோலிட்டிக்கின் அந்தச் சிறு தடையையும் கணக்கில் சேர்த்தே ஒலிச் சமநிலையை அமைத்திருப்பார்கள். அதிலும் இந்த ஸ்பீக்கரின் சுற்று, ஆம்ப்ளிஃபையருக்கு ஏறக்குறைய மாறாத 4 ஓம் தடையாகத் தெரியும்படி நுணுக்கமாக இணைக்கப்பட்டது. அதைக் கலைத்தபின் நமக்குக் கிடைப்பது வேறொரு ஸ்பீக்கர்தான். மாமா ஆசைப்பட்டு வாங்கியது அதுவன்று.

உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டரில் காந்த இடைவெளியில் இருந்த ஃபெரோஃபுளூயிட் என்ற காந்தத் திரவம் காய்ந்திருந்தது. சுத்தம் செய்து புதிய திரவம் விட்டோம்.

எனக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தந்த செலவு ஸ்பீக்கருக்குச் செய்ததே அன்று. மொசைக் தரையும் வெற்றுச் சுவர்களும் கொண்ட எங்கள் கூடத்தில் கைதட்டினால் ஒலி சிலிர்த்துக்கொண்டே நிற்கும். தரையில் பவானி ஜமக்காளம் விரித்துப் பார்த்தேன். அது மெல்லியது என்பதால் உச்ச ஒலியைச் சிறிது அடக்கியதோடு சரி. பிறகு பரணில் கிடந்த போடி இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை, துணி உறை தைத்து, பின்சுவரை ஒட்டி நிறுத்தினேன். தையல் கூலி 900 ரூபாய். அதற்குப் பிறகுதான் சோமு அவர்கள் ஒரு சங்கதியை முடித்து மூச்செடுக்கும் இடம் தெளிவாகக் கேட்டது.

இடப்பக்க ட்வீட்டர் வலப்பக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு டெசிபெல் தாழ்ந்தே இன்னமும் ஒலிக்கிறது. நல்ல நிலையில் உள்ள பழைய ட்வீட்டர் ஒன்று கிடைக்கும்வரை, ஆம்ப்ளிஃபையரின் பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் சற்றுத் திருப்பி வைத்துக் கேட்கிறேன்.