ரவுட்டரை அணைக்கும் முன் இரண்டு நிமிடம்

நெட் வரவில்லை என்று ஒருவர் சொன்ன அடுத்த நொடி இன்னொருவர் எழுந்து போய் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு பதறும். பிடுங்கிச் சொருகினால் பல சமயம் சரியாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் என்ன கெட்டுப்போயிருந்தது என்பதற்கான தடயம் முழுக்க அந்தப் பெட்டியின் நினைவில்தான் இருந்தது: யாருக்கு எந்த முகவரி கொடுத்தது, எத்தனை இணைப்பு திறந்து கிடந்தது, லாக் என்னும் பதிவேட்டில் கடைசியாக என்ன பதிவானது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் மின்சாரம் போனால் லாகும் சேர்ந்து போய்விடும். அப்புறம் அடுத்த வாரம் அதே கோளாறு அப்படியே திரும்பி வரும், அப்போதும் நம் கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு அலுவலகத்தில் இப்படித்தான் ஒன்பது நாள் ஓடியது. காலையில் வருகிறவர்களில் சிலருக்கு நெட் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. உடனே ஸ்விட்ச் (கேபிள்களையெல்லாம் இணைக்கும் பெட்டி), ரவுட்டர் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவார்கள், கணினிகள் எல்லாம் மறுபடி முகவரி கேட்கும், முன்பு கிடைக்காதவருக்கு இப்போது கிடைக்கும், வேறு ஒருவருக்குப் போய்விடும். நான் போன அன்று கெஞ்சாத குறையாக, தயவுசெய்து எதையும் அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, நெட் வராத ஒரு மடிக்கணினியையும் பக்கத்து மேசையில் நெட் வரும் ஒன்றையும் எடுத்து இரண்டிலும், நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கட்டளையை அடித்தேன். நன்றாக இருந்ததில் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி, 192.168.10.1. மற்றதில் 192.168.0.1. அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு முகவரியே கிடையாது.

கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி தானாக விளங்கும். புதிதாக இணையும் கணினி, எனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று அந்த நெட்வொர்க்கில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி கூவும், முதலில் வரும் பதிலைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே முகவரி வைத்திருப்பது, குத்தகைக் காலம் பாதி கழிந்ததும் தனக்கு முகவரி கொடுத்த அதே சர்வரிடம் நேராகப் போய் நீட்டித்துக்கொள்ளும். அதனால்தான் அணைக்காமல் கிடந்த மேசைக் கணினிகள் எல்லாம் நன்றாக இருந்தன, காலையில் பையிலிருந்து எடுத்துச் சொருகிய மடிக்கணினிகள் மட்டும் சிக்கின. 'ஏஆர்பி -ஏ' அடித்ததும் 192.168.0.1க்கு உரிய மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) கிடைத்தது. அதன் முதல் 3 பைட்டை வைத்துத் தயாரிப்பாளர் யார் என்று தேடினால் அது வீட்டு வைஃபை ரவுட்டர் செய்யும் நிறுவனம். ஸ்விட்சின் மேக் பட்டியலில் அந்த முகவரி எந்தப் போர்ட்டில் (கேபிள் சொருகும் துளையில்) தெரிகிறது என்று பார்த்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் கூட்ட அறையில் டிவிக்குப் பின்னால் ஒரு பழைய ரவுட்டர். வைஃபை எட்டவில்லை என்று யாரோ நல்ல எண்ணத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், கேபிளைச் சொருகியது மட்டும் லேன் போர்ட்டில், அதனால் அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் குழப்பம் இருபது நிமிடத்தில் முடிந்தது. அன்றும் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டிருந்தால் எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அதனால் நான் கேட்பது இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தில் கட்டளை அடிப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது கேள்வி கேட்பது. உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? எந்தத் தளமும் வரவில்லையா, ஒன்று மட்டுமா? வைஃபையில் மட்டுமா, கேபிளிலுமா? எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன மாற்றினீர்கள்? கடைசிக் கேள்விக்கு எல்லாரும் ஒன்றுமே மாற்றவில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள், பொய் சொல்கிறார்கள் என்று இல்லை, மேசையை நகர்த்தியது ஒரு மாற்றம் என்று அவர்களுக்குத் தோன்றாது.

மேசை என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரிய கோப்பை நகலெடுக்க ஒரு கணினியில் மட்டும் பத்து மடங்கு நேரம் ஆகிறது என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள். நெட்வொர்க் கார்டின் நிலையைத் திறந்து பார்த்தால் வேகம் 1 கிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட் என்று இருந்தது. கேபிளுக்குள் 8 கம்பி. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். எட்டில் ஒன்று அறுந்தாலும், அந்த நான்கும் நன்றாக இருந்தால், பல கார்டுகள் சத்தம் போடாமல் கீழே இறங்கிவிடும், இணைப்பு துண்டிக்காது, விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். மேசைக் காலுக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து மற்ற எதையும் தொடுவதற்கு முன் இணைப்பு வேகத்தைப் பார்த்துவிடுகிறேன்.

அடுத்து முகவரி. 169.254 என்று தொடங்கினால் யாரும் முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் இணையத்தைச் சந்தேகிப்பதில் அர்த்தமே இல்லை, டிஹெச்சிபியையோ கேபிளையோ பாருங்கள்.

முகவரி சரி என்றால் பிங், அதாவது பாக்கெட் என்னும் சின்னத் தரவுத் துண்டை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. இந்தக் கருவி மீது எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. மைக் மூஸ் என்பவர் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, நெட்வொர்க் ஒன்று விசித்திரமாக நடந்துகொள்கிறதே என்று 1983 டிசம்பரில் ஒரே மாலையில் எழுதியது, நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோனார் ஒலியின் பெயரை அதற்கு வைத்தார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் முதலில் அடிப்பது அதைத்தான். நான் நேராக நடுவில் வெட்டுவேன்: 'பிங் 8.8.8.8', அது கூகுளின் பொதுச் சர்வர். பதில் வந்தால் கேபிள், வைஃபை, முகவரி, கேட்வே, இணைப்பு தரும் நிறுவனம் வரைக்கும் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று ஒரே அடியில் தெரிந்துவிடும், சந்தேகம் முழுக்க மேல் பாதிக்கு, அதாவது பெயருக்கும் தளத்துக்கும், போய்விடும். வராவிட்டால் கேட்வேயைப் பிங் செய்யுங்கள், சிக்கல் வீட்டுக்குள்ளா வெளியிலா என்று தெரிந்துவிடும்.

பதில் வராதபோது எப்படி வரவில்லை என்று படிப்பதும் முக்கியம், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் பாக்கெட் கிளம்பிவிட்டது, திரும்ப ஒன்றும் வரவில்லை, வழியில் எங்கோ விழுந்திருக்கலாம் அல்லது எதிரில் இருப்பது பிங்குக்குப் பதில் சொல்லாத சர்வராகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால் பாக்கெட் கிளம்பவே இல்லை, பக்கத்தில் இருக்க வேண்டிய கருவியின் மேக் முகவரியே கிடைக்கவில்லை. ஒன்று வெளியே தேட வேண்டியது, மற்றது அறைக்குள்ளேயே தேட வேண்டியது.

எண் போகிறது, பெயர் போகவில்லை என்றால் டிஎன்எஸ், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. 'என்எஸ்லுக்அப்' எடுத்து அதே பெயரை ஒரு முறை உங்கள் சர்வரிடமும் ஒரு முறை கிளவுட்ஃப்ளேரின் பொதுச் சர்வரான 1.1.1.1இடமும் கேட்டுப் பாருங்கள், ஒன்று சொல்லி மற்றது சொல்லாவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டது.

பெயரும் சரி, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் போர்ட்டைத் தட்ட வேண்டும் (இங்கே போர்ட் என்பது ஒரு சேவையின் கதவு எண், கேபிள் துளை இல்லை), பிங்கால் அதைச் சொல்ல முடியாது. விண்டோஸ் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்', லினக்ஸில் 'என்சி', போர்ட் எண் 443. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் எனக்குப் பாதி நிம்மதி, ஏனென்றால் பாதை திறந்திருக்கிறது, எதிரில் ஏதோ ஒன்று பதில் சொல்கிறது, பெரும்பாலும் அங்கே அந்தச் சேவை மட்டும் ஓடவில்லை. ஒன்றுமே சொல்லாமல் காத்திருந்து நேரம் முடிந்தால் வழியில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது என்றுதான் முதலில் நினைப்பேன்.

பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட்டை எல்லாரும் ஓட்டுகிறார்கள், பாதிப் பேர் தவறாகப் படிக்கிறார்கள். வேன் ஜேக்கப்சன் எழுதிய இந்தக் கருவியின் யோசனை அழகானது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். எனவே 1 என்று வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கும், 2 என்றால் இரண்டாவது, இப்படியே. ஆனால் அந்தத் தகவலை அனுப்புவது ரவுட்டருக்கு முக்கியமில்லாத வேலை, பல ரவுட்டர்கள் அதை மெதுவாகச் செய்யும் அல்லது செய்யவே செய்யாது. நடுவில் ஒரு வரியில் நட்சத்திரங்களாக வந்து அடுத்த வரிகள் நன்றாக இருந்தால் அங்கே கோளாறே இல்லை. ஒரு ஹாப்பில், அதாவது வழியில் உள்ள ஒரு ரவுட்டரில், தொடங்கிய இழப்பு கடைசி வரை தொடர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதைவிட 'எம்டிஆர்' மாதிரி விடாமல் அளக்கும் கருவியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

என்னை ரொம்ப அலைக்கழித்தது எம்டியு, ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. விபிஎன்னில் நுழைய முடிகிறது, சின்னப் பக்கங்கள் வருகின்றன, பெரிய கோப்பைத் தொட்டால் உறைந்துவிடுகிறது. பிங்கும் டிஎன்எஸ்ஸும் நன்றாகவே இருந்தன. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம், சில பிராட்பேண்டுகளில் உள்ள பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் தலைப்புக்குப் போய் 1492 ஆகிவிடும், விபிஎன் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பெரிதாக வந்த பாக்கெட்டை அனுப்ப முடியாத ரவுட்டர், சின்னதாக அனுப்பு என்று ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் சேதிகளும் போகும் முறை) மூலம் சொல்லும். பாதுகாப்பு என்று நினைத்து பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பியை ஒருவர் அடைத்து வைத்தால் அந்தச் சேதி வராது, கணினி பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸில் 'பிங் -எஃப் -எல் 1472' என்று அடித்தால் உடைக்கக் கூடாத பாக்கெட் போகும், 1472உடன் தலைப்புகள் 28 பைட் சேர்ந்து 1500. போகவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போகும் அளவைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு 1372இல் போனது. விபிஎன் எம்டியுவை 1400க்கு இறக்கியதும் அத்தனையும் ஓடியது. ஐசிஎம்பியை இப்படி அடைக்கிறவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு ஒரு எளிய சோதனை: பிங்கை ஓடவிட்டுப் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றுங்கள். 20 மில்லிசெகண்டில் இருந்தது 500ஐத் தாண்டினால் ரவுட்டரில் வரிசை நீண்டு கிடக்கிறது, இதற்குத்தான் பஃபர்புளோட் என்று பெயர். அதிக வேகத் திட்டம் வாங்குவதற்கு முன் ரவுட்டரில் அந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். வைஃபை என்றால் முதலில் கேபிளில் ஒரு முறை அளந்துவிடுங்கள், ஒப்பிட ஒன்று இல்லாமல் வைஃபையைப் பற்றி என்ன சொன்னாலும் ஊகம்தான்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால், போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006இல் இந்தப் பெயருக்கு மாறியது. அதை முதலிலேயே திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் தொலைந்துபோவீர்கள். ஒரு கேள்வியோடு போங்கள், ஒரு ஃபில்டரோடு போங்கள்.

அந்தப் பழைய ரவுட்டர் கதைக்குப் பிறகு அந்த அலுவலகத்துக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு செய்து கொடுத்தேன். நெட் நன்றாக இருந்த ஒரு நாளில் எடுத்தது: கேட்வேயின் முகவரி, அதன் மேக் முகவரி, டிஹெச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர், பிங் நேரம், டிரேஸ்ரூட்டின் முதல் ஐந்து வரி. போன மாதம் அங்கிருந்து அழைத்தவர், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, "கேட்வே கோப்பில் இருப்பதுதான், 8.8.8.8 பதில் சொல்கிறது, பெயர் மட்டும் போகவில்லை, 1.1.1.1இடம் கேட்டால் வருகிறது, ரவுட்டரை இன்னும் தொடவில்லை" என்றார்.