எட்டு வாட்டுக்கு ஏற்ற ஸ்பீக்கர்

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிட்டு ஸ்பீக்கர் தேடும் நண்பர்களே, விலைச்சீட்டைப் பார்க்கும் முன் சென்சிடிவிட்டியைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளக்கும் ஒலி அளவு, அதாவது டெசிபல் எண் அது.

ஒரேயொரு 300பி வால்வு ஒரு பக்கத்துக்குத் தருவது சுமார் 8 வாட். 98 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது தாராளம். அதே சத்தத்தை 86 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்க 128 வாட் வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபல் குறைவுக்கும் வாட் இரட்டிக்கிறது. லட்சங்களைக் கொட்டி வாங்கியது ஆர்கெஸ்ட்ரா முழுதாக எழும் இடத்தில் நசுங்கி ஒலித்தால் நெஞ்சு பொறுக்காது.

அதனால்தான் புனல் போல விரியும் வாயும் அதிக சென்சிடிவிட்டியும் கொண்ட ஹார்ன் ஸ்பீக்கர்கள் மீது எனக்கு இத்தனை பிரியம். பால் கிளிப்ஷ் 1940களில் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையில் நிற்கும். இரு பக்கச் சுவர்களும் அதன் ஹார்னின் நீட்சியாகவே வேலை செய்யும். என்ன அருமையான யோசனை! ஆனால் ஒழுங்கான இரண்டு மூலைகள் இல்லாத வீட்டுக்கு அது வேண்டாம்.

இம்பிடன்ஸையும், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பையும், விசாரியுங்கள். 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் சில ஸ்பீக்கர்கள் தாழ்ந்த சுரங்களில் 3 ஓமுக்கு இறங்கிவிடும். வால்வு ஆம்ப்ளிஃபையர் அங்கே திணறும், பேஸ் குழையும். ஆம்ப்ளிஃபையரின் 4 ஓம், 8 ஓம் முனைகள் இரண்டிலும் மாற்றிச் செருகிக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

சின்ன அறையில் அருகே அமர்ந்து குரலிசை கேட்பவரா? இஎல்34 வால்வுகள் கொண்ட 30 வாட் புஷ்-புல் (வால்வுகள் ஜோடியாக இயங்கும்) ஆம்ப்ளிஃபையரும், பிபிசி 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரும் போதும். அதன் சென்சிடிவிட்டி குறைவுதான். ஆனாலும் மனிதக் குரலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.