மூன்று அங்குலப் பாதம்

சாயங்காலம் எதிர்வீட்டுப் பாட்டி மாவுக் கிண்ணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கோகுலாஷ்டமி. கண்ணன் பாதம் போட வேண்டும்.

ஊறவைத்து நைசாக அரைத்த பச்சரிசி மாவு. நீர்த்துவிட்டால் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து, பாதம் வாத்துக்கால் ஆகிவிடும்.

இடக்கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் இடது பாதம். வலக்கைக்கு வலது. மேலே ஐந்து பொட்டு; கட்டைவிரல் உள்பக்கம் வரணும். பேத்தி வெளிப்பக்கம் வைத்துவிட்டாள்.

"கண்ணன் செருப்பை மாத்திப் போட்டுண்டு வரான்டி!"

பாட்டி அதைத் துடைக்கவில்லை.

எல்லாப் பாதமும் பூஜை அறையை நோக்கித்தான்.

உலகளந்ததும் இதே பாதம். அந்த அளவிலேயே வந்தால் எந்த வாசல் கொள்ளும்? விசுவரூபம் கண்டு நடுங்கிய அர்ஜுனன்கூட, பழைய உருவத்தைக் காட்டு என்றுதான் கெஞ்சினான்.

கடவுளின் மேன்மையைப் பரத்துவம், எளிமையைச் சௌலப்பியம் என்பார்கள் வைணவ உரைகாரர்கள். மேன்மை மட்டும் என்றால் பயந்து விலகுவோம். எளிமை மட்டும் என்றால் நம்பி என்ன பயன்? இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டும்.

வெண்ணெய் திருடி உரலோடு கட்டுண்டு ஏங்கிய எளிமையை நினைத்து 'எத்திறம்' (இது என்ன தன்மை!) என்ற நம்மாழ்வார், ஆறு மாதம் மயங்கிக் கிடந்தாராம்.

யசோதையின் கயிறு எத்தனை முறை முடிச்சுப் போட்டு நீட்டினாலும் இரண்டு விரற்கடை குறைந்ததாம். அவள் வியர்த்துக் களைத்ததைப் பார்த்த பிறகுதான் பிள்ளை கட்டுப்பட்டான்.