ஒன்பதாவது முட்டை: உடைக்கவா, விடவா?

இது என் இரண்டாவது முயற்சி. பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்று கூமுட்டை, மிச்சம் ஒன்பது. 37.5 டிகிரி சூடு. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. அதுவரை சொல்ல ஒன்றுமில்லை.

21ஆம் நாள் காலை ஆறு மணிக்குள் ஆறு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. அதே நேரத்தில் ஒன்பதாவது முட்டையில் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்ன விரிசல். ராத்திரிக்குள் இன்னும் இரண்டு பொரிந்தன. அந்த விரிசல் மட்டும் அப்படியே இருந்தது.

போன தடவை இந்த இடத்தில்தான் அவசரப்பட்டேன். குஞ்சு உள்ளிருந்து குத்தி எட்டு மணி நேரமாகியும் அசைவில்லையே என்று முட்டை ஓட்டை உரிக்கப்போய், சவ்விலிருந்து ரத்தம் கசிந்தது. மஞ்சள் கரு பாதி உள்ளே, பாதி வெளியே. அந்தக் குஞ்சு அன்றைக்கே செத்துப்போனது. ஓட்டைக் குத்திய பிறகு குஞ்சு 12 முதல் 24 மணி நேரம் வரை சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் சவ்வில் ஓடிய ரத்தம் உடம்புக்குத் திரும்புவதும், மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்ச் சேருவதும் அப்போதுதான் முடிகிறது. அலகை மெல்லுவது போல அசைத்துக்கொண்டிருந்தால் அந்த வேலை இன்னும் பாக்கி என்று அர்த்தம்.

அதனால் இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் தப்பு வேறு பக்கம் நடந்திருந்தது. முதல் ஆறு குஞ்சுகளை எடுக்க மதியம் மூடியைத் திறந்தேன். ஈரப்பதம் சட்டென 41க்கு இறங்கியது. பொரித்த குஞ்சுக்கு உள்ளே போன மஞ்சள் கருவே இரண்டு நாளைக்குத் தாங்கும் என்று தெரிந்தும் ஏன் திறந்தேனோ! ஆசைதான், வேறென்ன.

மறுநாள் காலை ஆறு மணி, குத்தி முழுசாக 24 மணி நேரம். விரிசல் வழியாகத் தெரிந்த சவ்வு வெள்ளையாக இல்லை. மஞ்சளடித்து, காய்ந்த காகிதம் போல இருந்தது. கீச்சுச் சத்தமும் தேய்ந்துவிட்டது. சரி, இது மெதுவான குஞ்சு இல்லை, நான் மூடியைத் திறந்ததால் சவ்வு காய்ந்து அதோடு ஒட்டிக்கொண்ட குஞ்சு.

கையைக் கழுவி, பஞ்சுக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மூக்கு ஓட்டையில் படாமல் சவ்வைத் தடவினேன். நனைந்ததும் சவ்வு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருப்பது தெரிந்தது. ஓரத்தில் நூல் போல ஒரு சிவப்புக் கோடு, சவ்வில் ரத்தம் இன்னும் பாக்கி. அதோடு நிறுத்தி, ஈரத் துணியோடு திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

பத்தரைக்கு மறுபடி பார்த்தபோது கோடு மறைந்திருந்தது. அப்புறம்தான் இடுக்கியால், அகன்ற பக்கத்துக் காற்றறையைச் சுற்றி மட்டும் ஓட்டைத் துண்டு துண்டாக எடுத்தேன். சவ்வை அலகிலிருந்து விலக்கினேன். கீழ்ப்பாதியைத் தொடவே இல்லை, அதை அதுவே உதைத்துத் தள்ளட்டும்.

ஒரு மணிக்கு வெளியே வந்தது. முதுகு ரோமம் பசை தடவியது போல ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சால் கொஞ்சம் துடைத்துவிட்டேன். காலி ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன், ரத்தக் கறை இல்லை. சாயங்காலம் மற்ற எட்டும் அதன் மேலேறி மிதித்துக்கொண்டிருந்தன. அதுவும் ஒன்றின் விரலைக் கொத்தியது.