பாரியோ போய்ச் சேர நான்கு நாள்

தம்பிக்குக் கிழக்கு மலேசியாவில், சரவாக் மலைப்பகுதியிலுள்ள பாரியோவில் ஆசிரியர் வேலை கிடைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தீபகற்ப மலேசியாவிலிருந்து சரவாக்கின் உள்நாட்டுப் பள்ளிக்கு மாற்றப்படும் ஆசிரியர்களின் வீடுகளில் என்ன நடக்குமோ, அதேதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அம்மா முதல் மாதம் அழுதார், இரண்டாம் மாதத்திலிருந்து "எப்போ கூட்டிட்டுப் போறே?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். ஒருவழியாக இந்தப் பள்ளி விடுமுறைக்குக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தோம் என்பதே எனக்கு இன்னும் பெரிய நிம்மதி. அதே பயணத்தை யோசிக்கும் ஆசிரியர் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரிலிருந்து சரவாக்கின் மீரி நகரம், மறுநாள் காலை மீரியிலிருந்து பாரியோ, ஒரு வாரம் கழித்து அதேபோல் திரும்புவது. திரும்பும்போது மட்டும் பாரியோவிலிருந்து இறங்கிய மூன்றே மணி நேரத்தில் கோலாலம்பூர் விமானம். "நேரம் தாராளமா இருக்கு" என்றார். பாரியோவுக்குப் போவது பத்தொன்பது இருக்கை உள்ள ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானம் என்றோ, மலையில் மேகம் மூடினால் அது பறக்காது என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவருக்குச் சாமான் பத்து கிலோதான் என்பதையும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, "பக்கத்துலதான் இந்தோனேசியா, ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க" என்று வேறு சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

மீரியில் இறங்கியதும் அடையாள அட்டையைக் காட்டி, ஒரே நாடானாலும் சரவாக்குக்குள் நுழையத் தேவைப்படும் ஒரு சிறிய காகிதச் சீட்டை வாங்கினோம். ஐந்து நிமிஷ வேலை. திரும்பும்போது அந்தச் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். கடப்பிதழ் இருந்தால் அதையே கொண்டுபோங்கள், முத்திரை குத்திவிடுவார்கள், இந்தத் துண்டுக் காகிதத்தைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெட்டிகளோடு எடைத் தராசு முன்னால் நின்றோம். பெட்டியை மட்டுமில்லை, ஆளையும் கைப்பையோடு ஏற்றி நிறுக்கிறார்கள். அம்மா கொண்டுவந்தது மொத்தம் இருபத்தேழு கிலோ, எங்கள் இருவருக்கும் அனுமதி இருபது. கூடுதலுக்குக் காசு கட்டுகிறேன் என்றேன். அன்றைக்கு இடமில்லை என்றார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அம்மா பெட்டியைப் பிரித்தார். ஐந்து கிலோ பொன்னி அரிசி, நல்லெண்ணெய் இரண்டு போத்தல், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு டின், வீட்டிலேயே வறுத்து அரைத்த மசாலாத்தூள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கி, வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் அரிசியையும் எண்ணெயையும் மட்டும் என் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வரி முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. எனக்கு அந்த டிக்கெட்காரர் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இத்தனைக்குப் பிறகு அன்று விமானமே போகவில்லை. பதினொரு மணி, ஒரு மணி என்று தள்ளித் தள்ளி, மூன்று மணிக்கு ரத்து. ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டோம். முப்பது, முப்பத்தைந்து நிமிஷம் காட்டுக்கு மேலே பறந்தது, அப்புறம் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. விமானம் திரும்பியது. அம்மாவுக்குப் புரியவில்லை, "வந்துட்டோமா?" என்றார். இறங்கிப் பார்த்தால் மீரி.

சாலை வழியாகப் போகலாமே என்று நினைப்பவர்களுக்கு: மரம் வெட்டி ஏற்றிச் செல்லும் காட்டுப் பாதையில் நான்கு சக்கர இயக்க (4WD) வண்டியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழை பெய்தால் கணக்கே கிடையாது. அறுபத்தேழு வயதில் முட்டிவலி உள்ளவரை வைத்துக்கொண்டு நான் துணியவில்லை. மீரி விடுதியில் இன்னொரு இரவுக்குக் காசு கட்டிவிட்டு, திங்கட்கிழமை போய் இறங்கினோம். வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள்.

ஓடுதளத்து ஓரத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். அரிசியை விட்டுவிட்டு வந்த கதையைக் கேட்டதும், "அம்மா, இந்த ஊரு பேரு வாங்கினதே அரிசியாலதாம்மா" என்றான். உண்மைதான். சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மழைக்காட்டு மலைகள், நடுவில் வயல். இங்குள்ள பூர்வகுடிகளான கெலாபிட் மக்கள் வருஷத்துக்கு ஒரே போகம் விளைவிக்கும் பாரியோ அரிசி மீரியில் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தால் அம்மா பொன்னியை எடுத்தே வந்திருக்க மாட்டார். குழையக் குழைய வேகவைத்து இலையில் பொட்டலமாகக் கட்டித் தரும் நூபா லாயாவை அம்மா இரண்டே நாளில் தயிர்சாதம் போல ஊறுகாயோடு சாப்பிடப் பழகிவிட்டார்.

மற்ற நாட்கள் நன்றாகப் போயின. இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, ரொக்கம். நாங்கள் போனபோது பணம் எடுக்கும் இயந்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. மீரியிலேயே சில்லறை நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள், ஐம்பது வெள்ளித் தாளுக்கு மீதி கொடுக்கச் சின்னக் கடைகள் சிரமப்படுகின்றன. இரண்டு, எல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியக் கலிமந்தானின் கிராயான் பகுதி. இரு பக்கத்திலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், எல்லைவாழ் மக்களுக்குத் தனி அனுமதி உண்டு. அது நமக்குப் பொருந்தாது. வெறும் அடையாள அட்டையோடு நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாது. டிக்கெட்காரர் பேச்சை நம்பி யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

புதன்கிழமை பக்கத்துக் கிராமமான பா உமோரின் உப்பூற்றைப் பார்க்க நானும் தம்பியும் நடந்தோம். ஊற்று நீரைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். திரும்பும் வழியில் கொட்டிய மழையில் காலில் ஏறிய அட்டைப்பூச்சிகளைப் பிடுங்கிப் போடுவதிலேயே கவனம். நாங்கள் தங்கியிருந்த, பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீட்டுக்கு வந்து சட்டைப்பையில் கைவிட்டபோதுதான் நெஞ்சு அடைத்தது. என் நுழைவுச் சீட்டு கூழாகும் நிலையில் நாலாக மடிந்து ஒட்டிக் கிடந்தது. எழுத்து லேசாகத்தான் தெரிந்தது.

எங்களைத் தங்கவைத்த ஆண்ட்டி பதறவில்லை. மடிப்பைப் பிரிக்காமல் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்தார். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரண் உண்டு, அதன் ஓரத்தில் இலையோடு வைத்துவிட்டு, "நாளைக்குத்தான் தொடணும்" என்றார் மலாயில். நான் இரவெல்லாம் போய்ப் போய்ப் பார்த்தேன். காலையில் அவரே நகத்தால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். ஓரம் பழுப்பேறியிருந்தது, நடு மடிப்பில் சின்னதாக ஒரு கிழிசல், என் பெயரும் எண்ணும் தேதியும் முழுசாக இருந்தன. உடனே கைப்பேசியில் படம் எடுத்தேன். இதை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கிய கையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள்.

திரும்பும் பயணத்தில் அந்த மூன்று மணி நேர இடைவெளியை நான் நம்பவில்லை. இடம் இருந்ததால் ஒரு நாள் முன்னதாகவே மீரிக்கு இறங்கினோம். நல்லவேளை, மறுநாள் மதியம் வரை பாரியோவில் மேகம் விலகவில்லை என்று தம்பி செய்தி அனுப்பினான்.

புறப்பாட்டில் சீட்டை நீட்டும்போது கை நடுங்கியது. அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எண்ணைத் தட்டினார், மூக்கருகே கொண்டுபோய், "பாரியோவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டி எங்களை விட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அம்மா சொன்னார், "அடுத்த தடவை மசாலாத்தூள் மட்டும் போதும். பத்து கிலோவும் அதுவே இருக்கட்டும், அந்த ஆண்ட்டிக்கும் சேர்த்து."